பெட்டிசத்துக்கு வந்த மறுமொழி

ஐந்தாவது கல்லும் நிற்காமல் உருண்டு காலடியில் விழுந்தது. அம்பலவாணர் அதைக் குனிந்து எடுத்து, புரட்டிப் பார்த்து, வேறு பக்கமாக வைத்தார். நெடுந்தீவில் பிறந்தவனுக்குக் கல்மதில் கட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாந்து பூசாமல் கல்லோடு கல் பொருந்த அடுக்கினால் ஐம்பது வருசத்துக்கு அசையாது. இன்றைக்கு அவருக்கு ஒரு கல்லும் பொருந்தவில்லை. மாடு இடித்து விழுத்திய இடம் இரண்டு முழம்கூட இராது. அதோடு அவர் விடிந்ததிலிருந்து மாரடித்துக்கொண்டிருந்தார்.

மதில் இன்றைக்கே எழும்ப வேண்டும் என்று ஒரு அவசரமும் இல்லை. வீட்டுக்குள் இருந்தால் மனைவி ஆச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்துதான் வெளியில் நின்றார். அவருடைய மடியில், வேட்டிச் செருகலுக்குள், நேற்றுப் பின்னேரம் வந்த கடிதம் இருந்தது. கருணை காட்டச் சொல்லி மகாதேசாதிபதிக்கு அவர் அனுப்பிய பெட்டிசம் நிராகரிக்கப்பட்டது என்றும், குறித்த நாளில், அதாவது இன்று காலை எட்டு மணிக்கு, கொழும்பு வெலிக்கடைச் சிறையில் அவர்களுடைய ஒரே மகன் தில்லைநாதனைத் தூக்கிலிடுவார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது.

ஆச்சிமுத்துவுக்கு நாள் தெரியும், மணியும் தெரியும். தெரியாதது இந்தக் கடிதம் ஒன்றுதான். பெட்டிசத்துக்கு மறுமொழி வருமட்டும் தூக்கமாட்டார்கள் என்று வழக்குப் பேசிய அப்புக்காத்து சொன்னதை அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையாருக்கு நேர்ந்து நாற்பது நாளாக ஒரு நேரம் மட்டும் உப்பில்லாத கஞ்சி குடித்தாள். வீட்டுக்குள் மீன் வாடையே வரவிடவில்லை. இப்போது சாமிப் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

சோளகக் காற்று எழும்பி ஒரு கிழமையாக வள்ளம் ஓடவில்லை. கடிதம் எழுதிய திகதிக்கும் வந்து சேர்ந்த திகதிக்கும் இடையில் ஒன்பது நாள். உறவினர் விரும்பினால் முதல்நாள் வந்து பார்க்கலாம் என்றும் அதில் இருந்தது. முதல்நாள் என்பது நேற்று. கடிதம் வந்ததும் நேற்றுத்தான், காற்று விழுந்து வந்த முதல் வள்ளத்தில். இங்கிலீசில் இருந்ததால் தபாற்கந்தோர்க்காரர் பஸ்ரியாம்பிள்ளைதான் உள்ளே கூட்டிக்கொண்டு போய் வாசித்துச் சொன்னார். சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். இனிக் கழுகாய்ப் பறந்தாலும் விடியமுன் கொழும்புக்குப் போய்ச் சேர முடியாது.

வீட்டுக்கு வந்தபோது ஆச்சிமுத்து வாசற்படலையில் நின்று அவருடைய கையைப் பார்த்தாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான் செய்தார். ஒரு கடதாசியைக் காட்டித்தான் போன வருசம் அவளிடமிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு போனவர். இரண்டாவது கடதாசியை நீட்ட அவருக்குக் கை எழும்பவில்லை.

அவருக்கு ஊரில் பேர் பேப்பர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்தில் முந்தநாள் படித்து, கடையில் சாமான் கட்டச் சரை சுற்றப் போட்ட பேப்பர்தான் நெடுந்தீவுக்கு இன்றைய பேப்பர். அதை அவர் தபாற்கந்தோர் வாசலில் குந்தியிருந்து, மந்திரிசபை தன்னைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது என்கிற மாதிரி உரத்து வாசிப்பார். நாலு மாடும் ஒரு குரக்கன் காணியும் வைத்திருக்கிற மனுசனுக்கு நாட்டு வளப்பத்தில் இவ்வளவு அக்கறையா என்று ஊரார் பகிடி பண்ணுவார்கள். பண்ணிவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து கேட்கவும் செய்வார்கள். தூக்குத்தண்டனையை அரசாங்கம் நிறுத்திவிட்டது என்ற செய்தியையும் அவர்தான் ஊருக்கு வாசித்துக் காட்டினார். மூன்று வருசத்துக்குப் பரீட்சித்துப் பார்ப்பதற்காக என்று கீழே ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தார்தான். அரசாங்கம் எதையும் அப்படித்தான் இழுத்து இழுத்துச் சொல்லும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகுதான், ஐம்பத்தொன்பதாம் ஆண்டு வைகாசியில், அந்த மாட்டுக்குறி விவகாரம் வந்தது. நெடுந்தீவில் மாடுகள் வெளியில் தம்பாட்டில் மேயும். எந்த மாடு யாருடையது என்பதற்கு அதன் தொடையில் சுட்ட குறிதான் சாட்சி. தில்லைநாதனின் பசு ஈன்ற நாம்பனில் அடுத்த வளவு இளையதம்பி தன்னுடைய குறியைச் சுட்டுவிட்டான். இளையதம்பி வேற்று ஆளில்லை. அம்பலவாணரின் செத்துப்போன தமக்கையின் மகள் மீனாம்பிகையைக் கட்டியவன். தண்ணீர் காட்டுகிற கேணியடியில் வாய்த்தர்க்கம் முற்றி, தில்லைநாதன் கையிலிருந்த கொட்டன் தடியால் ஒரு அடி அடித்தான். அடி காதடியில் பட்டது. அடுத்தநாள் விடியமுன் இளையதம்பியின் சீவன் போய்விட்டது. ஒரு நாம்பன் மாடு. இரண்டு வளவுக்கும் நடுவில் மதில்கூட இடுப்பளவுதான்.

இன்னாசித்தம்பி என்ற மீன்பிடிகாரன் வள்ளத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, இராமேசுவரத்துக் கரையில் இறக்கிவிடுகிறேன், அதற்குப் பிறகு பெடியனுடைய கெட்டித்தனம் என்றான். ஆச்சிமுத்து அதற்குள் வேட்டி இரண்டும் பனங்கட்டிக் குட்டானும் கட்டி வைத்துவிட்டாள். அம்பலவாணர்தான் குறுக்கே நின்றார்.

"இப்ப தூக்கு இல்லை, ஆச்சிமுத்து. சட்டமே எடுத்துப்போட்டாங்கள். ஏழெட்டு வருசம் இருந்திட்டு வருவான். ஓடினானெண்டால் காலத்துக்கும் இந்த மண்ணை மிதிக்க ஏலாது. எங்கடை பிள்ளை ஒரு உயிரை எடுத்துப்போட்டான். அதுக்கு அவன் நிண்டு மறுமொழி சொல்லத்தான் வேணும்."

இரண்டையும் அவர் மனதார நம்பித்தான் சொன்னார். சட்டத்தையும் நம்பினார், நியாயத்தையும் நம்பினார். அலுமாரிக்குள் இருந்து அந்தப் பேப்பரை எடுத்து வந்து, எழுத்தறியாத மனைவிக்கு விரலை வைத்து வைத்துக் காட்டினார். அவள் மகனுடைய முகத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டிய மூட்டையை அவிழ்த்தாள். விடிந்ததும் தகப்பனும் மகனும் ஊர்காவற்றுறைப் பொலிசில் சரணடையப் போனார்கள். வள்ளத்தில் போகும்போது அவர் மகனுக்கு ஒரு புத்தி சொன்னார். ஒன்றையும் மறைக்காதே, உள்ளதை உள்ளபடி சொல்லு.

அவன் சொன்னான். கோபத்தில், இன்றைக்கு இவனைக் கொல்லாமல் விடுவதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் கேணியடிக்குப் போனேன் என்று நீதவானிடம் சொன்னான். கேட்டவர் ஒருவரும் இல்லாத சொல் அது. அவன் சொல்லியிராவிட்டால் ஒருவருக்கும் தெரிய வந்திராது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கைதவறிச் செய்த கொலை என்று சில வருசத்தோடு போயிருக்கும் என்று பிறகு அப்புக்காத்து தலையில் கைவைத்தார்.

புரட்டாதியில் கொழும்பில் பிரதமரைச் சுட்டுக் கொன்றார்கள். நாடு கொதித்தது. கார்த்திகை முடியமுன் தூக்குச் சட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, முந்திச் செய்த கொலைக்கும் அது செல்லும் என்றார்கள். அந்தப் பேப்பரை அம்பலவாணர் உரத்து வாசிக்கவில்லை. மாசியில் யாழ்ப்பாணத்தில் தீர்ப்பு. நீதிபதி இங்கிலீசில் சொன்னதை, சீவன் பிரியும் வரைக்கும் கழுத்தில் கயிற்றைப் போட்டுத் தூக்கும்படி என்று தமிழில் சொல்ல வந்த மொழிபெயர்ப்பாளர் நடுவில் நிறுத்தி ஒரு தரம் செருமினார். தில்லைநாதன் குற்றவாளிக் கூட்டுக்குள் நின்று தகப்பனைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அப்பு, இனி என்ன செய்கிறது என்று யோசனை கேட்கிற மாதிரிப் பார்த்தான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆச்சிமுத்து ஒரேயொரு வார்த்தை சொன்னாள். "பேப்பரிலை கிடந்ததெண்டு சொன்னியள்."

அதற்குப் பிறகு அவள் அவரோடு கதைக்கவில்லை. சமைத்து வைப்பாள். கோப்பைச் சத்தம் கேட்டால் அவர் குசினிக்குப் போய் இருப்பார். ஆனியில் மகனைப் பார்க்கக் கொழும்புக்குப் போன ரெயிலில்கூட ஒரே இருக்கையில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டு போனாள். அவர் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதையும் அவளிடமிருந்து பிடுங்கியதாகப் போகும் என்று நினைத்தார். தனக்கு இது வேண்டும் என்று பேசாமல் இருந்துகொண்டார்.

பெட்டிசம் எழுதும்போது, செத்தவனுடைய பெண்சாதியும் ஒரு கையெழுத்து வைத்தால் பலமாக இருக்கும் என்று அப்புக்காத்து சொன்னார். அம்பலவாணர் மதிலைச் சுற்றிக்கொண்டு மீனாம்பிகையின் முற்றத்துக்குப் போனார். அவள் வெள்ளைச் சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு, "அவருக்கு ஆர் அம்மான் பெட்டிசம் எழுதினவை?" என்றாள். கடதாசியை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவள்மேல் அவருக்குக் கோபமும் வரவில்லை. அவள் கேட்டது நியாயம். அவர் கேட்கப் போனதும் நியாயம்தான்.

வெலிக்கடையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தில்லைநாதன் சொன்னதைத்தான் அவர் இரவும் பகலும் மெல்லுகிறார். ஆள் மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய நின்றான்.

"அப்பு, எனக்கு ஏதாவது ஒரு வேலை தரச் சொல்லுங்கோ. மீனாம்பிகையின்ரை காணியைச் சாகுமட்டும் கொத்தச் சொன்னாலும் கொத்துறன். கிணறு தோண்டச் சொன்னாலும் தோண்டுறன். என்னைச் சாக்கொண்டா அவளுக்கு என்ன கிடைக்கும்?"

தாய் அந்தப் பக்கம் திரும்பி அழுதாள். தகப்பன், பெட்டிசம் போட்டிருக்கிறோம் மோனை, நல்ல மறுமொழி வரும் என்றார். அன்றைக்கும் அவர் நம்பித்தான் சொன்னார். மனுசனுக்கு அந்த நம்பிக்கைப் புத்தி எத்தனை அடி பட்டாலும் போகிறதில்லை.

ஆறாவது கல்லைத் தூக்கிய நேரம் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. எட்டு மணி. அம்பலவாணர் கையிலிருந்த கல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தேவாரம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இரவு முழுக்க நினைத்து வைத்திருந்தார். ஒரு வரியும் வாய்க்கு வரவில்லை. காலையில் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுத்திருப்பார்களா என்றுதான் யோசனை ஓடியது. அவனுக்குச் சீனி கூடப் போட வேண்டும். அது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. யாரும் வராவிட்டால் அவர்களே அடக்கம் செய்துவிடுவார்கள். பெற்றவன் உயிரோடு இருக்க, பிள்ளைக்குக் கொள்ளி வைக்க ஆளில்லை. என்ரை ராசா என்று ஊர் கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மணி நின்று, பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் மீனாம்பிகை வந்து நிற்பதை அவர் உடனே காணவில்லை.

"முடிஞ்சுதோ, அம்மான்?"

ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் அவர் பொய்தான் சொல்லியிருப்பார். இவளுக்குச் சொல்ல முடியவில்லை. உண்மையைக் கேட்க உரிமை உள்ளவள் இவள். அவர் தலையை அசைத்தார். அவளுடைய முகம் கோணியது. வாய் திறந்தது. அம்பலவாணர் கல்லைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"சத்தம் போடாதை பிள்ளை. மாமிக்குத் தெரியாது. மறுமொழி வந்ததே அவளுக்குத் தெரியாது."

அவள் சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. புருசனைக் கொன்றவன் செத்ததற்கு அவள் எதற்காக அழுகிறாள் என்று அவளுக்கும் தெரிந்திராது. சிறு வயதில் இந்த மதிலில் ஏறியிருந்து அவனோடு பனங்கிழங்கு தின்றவள். கொஞ்ச நேரம் கழித்துத் தலைப்பை எடுத்தாள்.

"விடிய எழும்பி எங்கடை கலியாணப் படத்துக்கு முன்னாலை விளக்கு வச்சனான். எட்டு மணி அடிச்சா நெஞ்சிலை கிடக்கிறது இறங்கிப்போமெண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒண்டும் இறங்கேல்லை, அம்மான். கிடந்தபடியே கிடக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செத்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கேட்க வேண்டியதைக் கேட்டாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. பக்கத்து வீட்டார்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வேண்டும். மச்சானுக்காக நான் காய்ச்சித் தரட்டோ என்று கேட்டாள். மச்சான் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. வேண்டாம் பிள்ளை, நீ தந்தால் அவளுக்கு விளங்கிப்போகும் என்று அம்பலவாணர் சொன்னார். மீனாம்பிகை போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் ஏறி, கிணற்றடிப் பனையின் நிழல் சுருங்கியபோது ஆச்சிமுத்து வெளியில் வந்தாள். முழுகி, தலைமுடியை ஈரத்தோடு முடிந்திருந்தாள். அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ."

அம்பலவாணர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மாசிக்குப் பிறகு அவள் அவரோடு வாய் திறந்தது இன்றைக்குத்தான்.

"மணி அடிச்சது கேட்டனீங்களோ? எட்டு மணி போட்டுது. நேற்று வள்ளமும் வந்தது, கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. தள்ளிவச்சிட்டாங்கள். நான் சொன்னனான் பிள்ளையார் கைவிடமாட்டாரெண்டு."

அவள் அவருக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு வாய்விட்டுச் சொன்னதாகவே பட்டிருக்கிறது. முகத்தில் எலும்பும் தோலும்தான் மிச்சம், ஆனால் கண் இரண்டும் பிரகாசமாக இருந்தன. இப்போது சொல்லிவிடு என்று அவருக்குள் ஒன்று உதைத்தது. கை மடிக்குப் போனது. அவள் அதற்குள், நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறேன் என்று படலையைப் பார்த்துத் திரும்பினாள்.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எட்டு மணியிலிருந்து சாவுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரைக்கும் கோயில் படியை மிதிக்கக்கூடாது. பாவம் தன்னுடைய தலையில் விழட்டும், அதற்கு அவர் அஞ்சவில்லை. ஆனால் நாளைக்கு எல்லாம் தெரியவரும்போது, பிள்ளை செத்த துடக்கோடு போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றேனே என்று அவள் காலம் முழுக்கத் தன்னைத் தானே தின்பாள். அவளை எப்படி மறிப்பதென்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னார்.

"எனக்குப் பசிக்குது."

ஆச்சிமுத்து நின்றாள். ஆறு மாதமாக அவர் ஒன்றும் கேட்டதில்லை. உப்புக் குறைந்தாலும் கேட்கவில்லை, தண்ணீர் வைக்க மறந்தாலும் எழும்பிப் போய் வார்த்துக் குடித்தார்.

"பசிக்குதோ?"

"ஓம். நல்லாப் பசிக்குது. கோயிலுக்குப் பின்னேரம் ரண்டு பேருமாப் போவம். முதல் ஏதும் சமையும்."

அவள் சிரித்தாள். பிள்ளையார் ஓடிப்போகமாட்டார்தானே என்று சொல்லிக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்புப் புகை கூரைக்கு மேலாக எழும்பியது. அதை மறித்திருக்க வேண்டும். கோயிலை மறித்தவருக்கு அடுப்பையும் சேர்த்து மறிக்க ஒரு பொய் கைவசம் இல்லை. மீனாம்பிகை தன் வீட்டு யன்னலால் அந்தப் புகையைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தார்.

இன்னாசித்தம்பி அந்த நேரம் பார்த்துத்தான் படலையில் வந்து நின்றான். மீன் விற்க வந்தவன் இல்லை. கடலால் வந்த கையோடு, எட்டு மணி கழிந்த வீட்டை எட்டிப் பார்க்காமல் போக மனம் வராமல் வந்தவன். கையில் ஓலைப்பறி இருந்தது. ஆச்சிமுத்து அவனைக் கண்டதும் குசினியிலிருந்து ஓடிவந்து, தள்ளிவைத்துவிட்டார்கள் என்ற செய்தியைச் சொன்னாள். நாற்பது நாள் விரதம் இன்றோடு முடிகிறது, பெடியனுக்கு விருப்பமான மீன் ஏதும் பறியில் இருக்கிறதோ என்று கேட்டாள்.

இன்னாசித்தம்பி அவளுக்குப் பின்னால் நின்ற அம்பலவாணரைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. வேதக்காரன் என்றாலும், சைவ வீட்டில் சாவு விழுந்தால் மச்சம் படாது என்று தெரிந்தவன். மீன் பழுது, அக்கா, கொண்டுபோய்க் கொட்டத்தான் வந்தேன் என்றான். அவள் நம்பவில்லை. பறிக்குள் கைவிட்டு இரண்டு விளைமீனை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தாள். இரத்தச் சிவப்பாக இருந்தது. நல்ல மீனுக்குப் பழுதென்று சொல்கிறான் பார் என்று சிரித்துக்கொண்டு உள்ளே கொண்டுபோனாள்.

இரண்டு ஆண்களும் படலையடியில் நின்றார்கள். அண்டைக்கு நான் கொண்டுபோய் விட்டிருப்பன் அண்ணை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்பலவாணர் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார். அவன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

அம்பலவாணர் கிணற்றடிக்குப் போனார். மடியிலிருந்த கடிதத்தை எடுத்துக் கல்லுக்குக் கீழே வைத்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றினார். மகன் செத்தால் தகப்பன் முழுக வேண்டும். கிணறு உவர்த்தண்ணீர். அதில் கண்ணீர் கலந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. வாளி விழுகிற சத்தத்துக்குள் அவர் அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனுசன், சிறுபிள்ளை அழுகிற மாதிரி மூக்கால் ஒழுக அழுதார். ஆச்சிமுத்து உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டே, மகன் பிறந்த வருசத்துக் கோடையைப் பற்றி எட்டத்திலிருந்து அவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு மாதக் கதையும் அவளுக்குள் தேங்கிக் கிடந்தது.

வள்ளம் மாவிலித்துறைக்கு வரப் பின்னேரம் மூன்று மணியாகும். அதில் தந்தி வரும், அல்லது தந்தி இல்லாமலே வாய்ச்செய்தி வரும். அதற்குப் பிறகு அவள் எப்போது வாயில் ஒரு பருக்கை வைப்பாள் என்று சொல்ல முடியாது. நாற்பது நாளாகக் கஞ்சியில் கிடந்த உடம்பு. தலையைத் துவட்டிக்கொண்டு நின்றபோது அம்பலவாணருக்கு அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. அவள் இப்போது சாப்பிட வேண்டும். மூன்று மணிக்கு அவள் தன்னை என்ன சொன்னாலும் சரி, இனிச் சாகுமட்டும் கதைக்காமல் விட்டாலும் சரி.

குசினிக்குள் மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு ஆவி பறந்தது. பழப்புளி விட்டுக் காய்ச்சிய மீன்குழம்பின் வாசம் முற்றம் வரைக்கும் வந்தது. அவர் பலகையில் குந்தினார். ஆச்சிமுத்து சோற்றுக் கோப்பையை வைத்து, நடுமீனில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டாள். முதல் வாயை அவர் தண்ணீர் குடித்து இறக்கினார். அடுத்த வாயை எடுத்தார். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரே இருந்து பார்த்தாள்.

"உங்களோடை கதையாமல் இருந்தது என்ரை பிழைதான்," என்றாள். "நீங்கள் என்ன, வேணுமெண்டோ செய்தனீங்கள்? பிள்ளை நல்லாயிருக்க வேணுமெண்டுதானே கூட்டிக்கொண்டு போனனீங்கள். இருவது வருசமெண்டாலும் இருக்கட்டும். நான் சாகமாட்டன். வரேக்கை இந்த அடுப்பிலைதான் சோறாக்கிக் குடுப்பன்."

அம்பலவாணர் குனிந்தபடி சோற்றைப் பிசைந்தார். ஆறு மாதம் அவள் கொடுத்த தண்டனையை அவர் முறைப்படி அனுபவித்திருந்தார். இன்றைக்கு அவள் போதும் என்று சொல்லிவிட்டாள். சொல்ல அவளும் இருந்தாள், கேட்க அவரும் இருந்தார். மகனுக்கு அப்படி ஒருவரும் சொல்ல முடியாமல் போய்விட்டது. இந்த வார்த்தையை நேற்றுக் கேட்டிருந்தால் அவர் அவளுடைய காலைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். இப்போது அது அவருக்குச் சொந்தமில்லாதது. இன்னொருவருடைய வீட்டுக்குள் புகுந்து இருக்கிற மாதிரிக் கூசியது.

"நீரும் இரும்," என்றார்.

"நீங்கள் சாப்பிட்டு எழும்புங்கோ. நான் பேந்து சாப்பிடுறன்."

"இல்லை. இண்டைக்கு ரண்டு பேரும் சேந்து சாப்பிடுவம். இரும்."

அவரே எட்டி இன்னொரு கோப்பையை எடுத்துச் சோறு போட்டார். கலியாணம் கட்டி முப்பது வருசத்தில் அவர் அகப்பை பிடித்தது இதுதான் முதல் தரம். சோறு கோப்பைக்கு வெளியிலும் சிந்தியது. ஆச்சிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வெட்கமும் பட்டாள். அவர் மீனில் ஒரு துண்டை எடுத்துத் தன்னுடைய கோப்பை ஓரத்தில் வைத்து, முள்ளைப் பிரித்து, சதையை மட்டும் அவளுடைய சோற்றில் வைத்தார்.

"நான் என்ன சின்னப் பிள்ளையோ?"

"நாப்பது நாள் மீன் தின்னாத தொண்டை. முள்ளுச் சிக்கிப்போடும். சாப்பிடும்."

அவள் சாப்பிட்டாள். முதலில் மெல்ல, பிறகு பசி தெரிந்து. குழம்பு கொஞ்சம் விடச் சொன்னாள், விட்டார். உப்புச் சரியோ என்று கேட்டாள், சரி என்றார். வெளியில் காற்று மறுபடி எழும்பி, வேலியோரத்துப் பனையோலைகள் சரசரத்தன. அம்பலவாணர் அடுத்த துண்டை எடுத்தார். விளைமீனின் சின்ன முள்ளுகள் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, சதையை அவளுடைய பக்கம் தள்ளினார்.